கேப்ரியல் சாண்டியாகோ அட்டைக்கட்டு: 52 அட்டைகளில் எதைக் கழிப்பது?

சிப்புட் ரன்னர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் நாங்கள் நால்வர் ஞாயிறு மாலைகளில் ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர் என்ற இருவர் ஆடும் அட்டை ஆட்டத்தை ஆடி வருகிறோம்; ஒருவர் கார்ப் எனும் நிறுவனமாகவும், மற்றவர் அதன் சர்வர்களுக்குள் ஊடுருவும் ரன்னராகவும் ஆடுவார். எங்களிடம் இருப்பது 2012-இல் வெளிவந்த மூலப் பெட்டி ஒன்றுதான். அதில் சில அட்டைகள் மூன்று படிகள் இல்லாமல் வருவதால், குறையும் படிகளை அச்சடித்து, வேறு அட்டையோடு சேர்த்து உறையில் இட்டுப் பயன்படுத்துகிறோம். பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து ஒரு குழு எங்களோடு ஆட வருகிறது. அதற்குள் என் ரன்னர் கட்டைச் சீர்ப்படுத்த வேண்டும்.

என் அடையாள அட்டை (கட்டின் சிறப்புத் திறனையும் வரம்புகளையும் நிர்ணயிப்பது) கேப்ரியல் சாண்டியாகோ. கட்டில் இப்போது உள்ளவை: அக்கவுண்ட் சைஃபன் 3, இன்சைட் ஜாப் 3, ஃபோர்ஜ்ட் ஆக்டிவேஷன் ஆர்டர்ஸ் 3, ஷ்யூர் கேம்பிள் 3, ஈஸி மார்க் 3, ஸ்பெஷல் ஆர்டர் 1, ஆர்மிட்டேஜ் கோட்பஸ்டிங் 3, பேங்க் ஜாப் 3, டெஸ்பராடோ 3, அரோரா 3, நிஞ்சா 3, ஃபெம் ஃபட்டால் 2, கிரிப்சிஸ் 3, ஸ்னீக்டோர் பீட்டா 2, மேக்னம் ஓபஸ் 3, டேட்டா டீலர் 3, டீகாய் 2, கிராஷ் ஸ்பேஸ் 2, இன்ஃபில்ட்ரேஷன் 3, ஆக்சஸ் டு குளோபல்செக் 1. மொத்தம் 52. பிற பிரிவுகளின் அட்டைகளைச் சேர்க்க உள்ள 15 இன்ஃபுளுவன்ஸ் புள்ளிகளில் மேக்னம் ஓபஸுக்கு மட்டும் 6 செலவழித்திருக்கிறேன்.

நான் தோற்பது பெரும்பாலும் இரண்டு வகைகளில். ஒன்று, கார்ப் தன் ரிமோட்டில் (தனியாக அமைக்கும் சர்வர்) ஐஸ் எனும் காவல் அட்டைகளை அடுக்கி, புள்ளி தரும் அஜெண்டாவை முன்னேற்றும்போது, அந்த ஐஸை உடைக்கும் பிரேக்கர் என் கையில் இருப்பதில்லை. இருந்தாலும் உடைக்கப் பணம் போதுவதில்லை. இரண்டு, எங்கள் குழுவில் ஒருவர் கார்ப் பக்கத்தில் வேலண்ட் என்ற நிறுவனத்தை மட்டுமே ஆடுவார். நான் அக்கவுண்ட் சைஃபன் அடித்து அவர் பணத்தைப் பறித்து, டேக் (என்னைக் காட்டிக்கொடுக்கும் குறி) வாங்கிய அடுத்த சுற்றிலேயே, டேக் உள்ள ரன்னரைத் தாக்கும் ஸ்கார்ச்ட் எர்த் இரண்டு முறை விழுந்து ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதைக் கழிக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தாப்பா கணக்காசிரியை எழுதியது:

வணக்கம் தம்பி. எல்லாவற்றுக்கும் முன் நினைவக அளவைப் பாருங்கள். நிறுவும் நிரல்களுக்கு இடமாக ரன்னருக்குத் தொடக்கத்தில் 4 நினைவகமே உண்டு. டெஸ்பராடோ ஒன்றைக் கூட்டினால் 5. மேக்னம் ஓபஸ் 2 நினைவகத்தையும் ஸ்னீக்டோர் பீட்டா 2 நினைவகத்தையும் எடுத்துக்கொண்டால், மீதமுள்ள ஒன்றில் ஒரே ஒரு பிரேக்கரை வைக்கலாம். மூன்று வகை ஐஸையும் உடைக்க வேண்டிய ரன்னருக்கு இது போதாது. ஆகவே பிரேக்கர் கையில் வந்த ஆட்டங்களிலும் உங்கள் கட்டு முழுமையாக மேசையில் அமர்ந்திருக்க வழியில்லை. மேக்னம் ஓபஸை நிறுவ 5 கிரெடிட்டும் (ஆட்டப் பணம்) ஒரு கிளிக்கும் (ஒரு சுற்றில் கிடைக்கும் செயல்களில் ஒன்று) ஆகின்றன. அதன் பிறகு ஒரு கிளிக்குக்கு ஒரு கிரெடிட் கூடுதலாகக் கிடைப்பதால், ஆறு முறை பயன்படுத்திய பின்னர்தான் போட்ட முதல் திரும்பி வருகிறது. அதிவேகமாகத் தலைமையகத்தை (கார்ப்பின் கை அட்டைகள் உள்ள சர்வர்) தாக்கிப் பிழைக்கும் கேப்ரியலுக்கு அவ்வளவு பொறுமை பொருந்தாது.

அடுத்தது அட்டை எண்ணிக்கை. கேப்ரியல் கேட்பது 45 மட்டுமே. மூன்று படிகள் உள்ள ஓர் அட்டை, முதல் ஐந்து அட்டைகளில் ஒன்றாவது வர 45 அட்டைக் கட்டில் 30.4 விழுக்காடு வாய்ப்பு. 52-இல் அது 26.6 ஆகக் குறைகிறது. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டம் முழுவதும் எடுக்கும் ஒவ்வோர் அட்டையிலும் இந்த இழப்பு தொடர்கிறது. அந்த ஏழு கூடுதல் அட்டைகளும் கட்டின் மிகப் பலவீனமான ஏழு அட்டைகளே.

உடைக்கும் விலையையும் பாருங்கள். வால் ஆஃப் ஸ்டேட்டிக் என்ற ஐஸின் வலிமை 3. அதை அரோரா உடைக்க 4 கிரெடிட் ஆகும். கொரோடர் என்ற பிரேக்கர் 2 கிரெடிட்டில் உடைத்துவிடும். ஐஸ் வால் என்ற மற்றோர் ஐஸுக்கு அரோரா 2, கொரோடர் 1. இந்த விலையை ஒவ்வொரு ரன்னிலும் கட்ட வேண்டியிருக்கும். கோட் கேட் வகை ஐஸுக்கோ உங்களிடம் கிரிப்சிஸ் மட்டுமே உள்ளது. அது வைரஸ் கவுண்டர் வைக்கவே கிளிக்குகளைக் கேட்கும். கோர்டியன் பிளேடு என்ற பிரேக்கர் இருந்தால், எனிக்மா என்ற கோட் கேட்டை 2 கிரெடிட்டில் முழுவதுமாகக் கடக்கலாம்.

எனவே மேக்னம் ஓபஸ் 3, டேட்டா டீலர் 3, இன்ஃபில்ட்ரேஷன் 3, அரோரா 3, குளோபல்செக் 1 ஆகியவற்றை முழுமையாக எடுத்துவிட்டு, கிரிப்சிஸில் இரண்டைக் குறையுங்கள். 37 அட்டைகள் மீதமிருக்கும். கொரோடர் 3, கோர்டியன் பிளேடு 3, கூடுதலாக ஸ்பெஷல் ஆர்டர் 2 சேர்த்தால் சரியாக 45. கொரோடருக்கு இரண்டு வீதம் 6, கோர்டியனுக்கு மூன்று வீதம் 9 என்று 15 இன்ஃபுளுவன்ஸும் மீதமின்றிப் பயன்படுகிறது.

தெலுக் இந்தான் பழைய ஆட்டக்காரர் எழுதியது:

ஆசிரியை சொன்ன நினைவகக் கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஸ்பெஷல் ஆர்டர் மூன்று இருக்கும்போது பிரேக்கர்களிலும் மூன்று மூன்று வைப்பதை நான் ஏற்கவில்லை. கொரோடரோ அதைத் தேடித் தரும் ஸ்பெஷல் ஆர்டரோ முதல் பத்து அட்டைகளில் வரும் வாய்ப்பு, கொரோடர் மூன்று வைத்தால் 80 விழுக்காடு, இரண்டு வைத்தால் 73 விழுக்காடு. அந்த ஏழு விழுக்காட்டுக்காக இடத்தையும் இன்ஃபுளுவன்ஸையும் கொடுப்பதைவிட, கொரோடரிலும் கோர்டியனிலும் ஒவ்வொன்றைக் கழித்து டீசல் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 14 இன்ஃபுளுவன்ஸ் ஆகும். செலவில்லாமல் மூன்று அட்டைகளை எடுக்க உதவும் டீசல், பிரேக்கரைத் தேடுவதற்கும், நீங்கள் அஞ்சும் ஸ்கார்ச்ட் எர்த்துக்கு எதிராகக் கையை நிரப்பிக்கொள்வதற்கும் பயன்படும்.

இனி அந்த வேலண்ட் விவகாரம். அதை ஆடும் முறையால்தான் பெரும்பாலும் தீர்க்க வேண்டும். அட்டைகளை மாற்றினால் மட்டும் தீராது. சைஃபனை எப்போதும் முதல் கிளிக்கிலேயே அடியுங்கள். அப்போது மூன்று கிளிக் மீதமிருக்கும்; இரண்டு டேக்கையும் நீக்க இரண்டு கிளிக்கும் 4 கிரெடிட்டும் போக, இன்னும் ஒரு கிளிக் கையில் நிற்கும். முழுமையாக வெற்றி பெற்ற சைஃபன் 10 கிரெடிட் தருகிறது. அன்றைய சுற்றில் தலைமையகத்தில் பெறும் முதல் வெற்றிக்குக் கேப்ரியல் 2, டெஸ்பராடோ 1 என்று அதற்கு மேலும் கிடைப்பதால், டேக் நீக்கும் செலவு உங்களை வறுமையில் தள்ளாது.

டேக்கை நீக்காமல் விடலாமா என்ற கேள்விக்கு விடை கார்ப்பிடம் மிஞ்சியிருக்கும் தொகையில் உள்ளது. ஸ்கார்ச்ட் எர்த் ஒன்றுக்கு 3 கிரெடிட், 4 சேதம் (ஒவ்வொரு சேதத்துக்கும் கையிலிருந்து ஓர் அட்டை போகும்). இரண்டுக்கு 6 கிரெடிட், 8 சேதம். ஐந்து அட்டைக் கை அதைத் தாங்காது. உங்கள் நண்பர் வேலண்டின் பில்டிங் எ பெட்டர் வேர்ல்ட் அடையாளத்தில் ஆடுபவரானால், பணம் தரும் அட்டையான பீன்ஸ்டாக் ராயல்டீஸ் அவருக்கு 3-க்குப் பதில் 4 கிரெடிட் தரும். ஆகவே சைஃபனுக்குப் பின் அவரிடம் 2 மட்டும் இருந்தாலும், பீன்ஸ்டாக்கில் 6 ஆக்கி, மீதி இரண்டு கிளிக்கில் இரண்டு முறையும் எரித்துவிடலாம். அவரிடம் 1 அல்லது 0 இருந்தால் ஒரு முறைதான் முடியும். கையில் நான்கு அட்டைகள் இருந்தால் நீங்கள் பிழைப்பீர்கள். சுருங்கச் சொன்னால், சைஃபன் அடிக்கும் முன் அவரிடம் 7 கிரெடிட்டோ அதற்கு மேலோ இருந்தால் டேக்கை நீக்குங்கள்.

கிராஷ் ஸ்பேஸைத் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். டேக் நீக்க ஒவ்வொரு சுற்றும் 2 கிரெடிட் தருவதோடு, தன்னைத் தியாகம் செய்து 3 சேதத்தைத் தடுக்கிறது. 8 சேதம் 5 ஆகிவிட்டால் முழுக் கை உள்ளவர் உயிரோடு இருப்பார். அதை முதலில் அழித்துவிட்டு இரண்டு முறை எரிக்க வேண்டுமானால் அவருக்கு மூன்று கிளிக்கும் 8 கிரெடிட்டும் தேவைப்படும்.

தாப்பா கணக்காசிரியை எழுதியது:

டீசல் யோசனை நல்லது என்பதை ஏற்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த 73 விழுக்காடு ஒரு பிரேக்கரை மட்டும் தேடும்போது பொருந்துவது. அதே ஸ்பெஷல் ஆர்டர் கொரோடருக்கும் கோர்டியனுக்கும் ஒருசேர உதவாது. ஈப்போக் குழுவில் கார்ப் ஆடுபவர்கள் ஐஸைக் கலந்து வைப்பவர்கள் என்றால் இந்த வேறுபாடு உறைக்கும்.

ஈப்போ வாசகர் எழுதியது:

வருகிற குழுவிடம் எந்த அட்டைத் தொகுப்பில் ஆடுகிறார்கள் என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியீட்டாளரான ஃபேன்டஸி ஃபிளைட் 2018-இல் இந்த ஆட்டத்தை நிறுத்திய பின், ஆர்வலர்கள் தொடங்கிய நைசெய், இப்போதைய நல் சிக்னல் கேம்ஸ், புதிய அட்டைகளை வெளியிட்டு வருகிறது. 2021-இல் வந்த சிஸ்டம் கேட்வேயை இலவசமாகவே தரவிறக்கி அச்சடிக்கலாம். அவர்கள் அதில் ஆடுபவர்களாக இருந்தால், நீங்கள் எதிர்பார்க்கும் ஐஸே மேசையில் இருக்காது.

சிப்புட் ரன்னர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈப்போக் குழுவிடம் கேட்டேன். மூலப் பெட்டி அட்டைகளை மட்டும் கொண்டு ஆட ஒப்புக்கொண்டார்கள்.

டீசல் சேர்த்த 45 அட்டைக் கட்டோடு நேற்று ஐந்து ஆட்டங்கள் ஆடினேன். மூன்றில் வென்றேன். வேலண்ட் நண்பரிடம் 9 கிரெடிட் இருந்தபோது சைஃபன் அடித்து, சொன்னபடியே இரண்டு டேக்கையும் நீக்கினேன். ஆட்டம் முடிந்த பின் அவர் கையைக் காட்டியபோது இரண்டு ஸ்கார்ச்ட் எர்த்தும் ஒரு பீன்ஸ்டாக்கும் அதில் இருந்தன. தோற்ற இரண்டில் ஒன்று ஆசிரியை எச்சரித்தது போலவே நடந்தது: கையில் வந்த ஒரே ஸ்பெஷல் ஆர்டரைக் கொரோடருக்குச் செலவிட்டுவிட்டு, எனிக்மாவின் முன் வழியின்றி நின்றேன். டெஸ்பராடோ ஒன்று மேசையில் இருக்கும்போது அடுத்தது கையில் வீணாகக் கிடப்பதையும் இரண்டு ஆட்டங்களில் கவனித்தேன். ஆகவே டெஸ்பராடோ ஒன்றையும் டீசல் ஒன்றையும் எடுத்துவிட்டு, மூன்றாவது கோர்டியனையும் மூன்றாவது ஃபெம் ஃபட்டாலையும் வைத்திருக்கிறேன். இன்ஃபுளுவன்ஸ் சரியாக 15 வருகிறது. அடுத்த ஞாயிறு இதே கட்டை ஐந்து முறை ஆடிப் பார்த்துவிட்டு முடிவை இங்கே எழுதுகிறேன்.