அப்பாவின் மொய்க்கடனை வங்கிக் கடன் எடுத்து அடைத்துவிடலாமா?

தென்னந்தோப்பு
ஊர் பேராவூரணிப் பக்கம், வேலை சென்னையில். 3 வருடத்துக்கு முன் ஆடியில் அப்பா மொய்விருந்து (ஊரைக் கூப்பிட்டு விருந்து போட்டு மொய் வாங்குவது) வைத்தார், 10 லட்சம் வந்தது. திருப்பிச் செய்ய இன்னும் 4 லட்சம் மொய் நோட்டில் நிற்கிறது. தனிநபர் கடன் எடுத்து ஒரேயடியாக முடிக்கலாம் என்றேன். “அது கடன் இல்லைடா, முறை” என்று கோபித்துக்கொண்டார்.

வடகாட்டான்
தம்பி, மொய்யை நினைத்த நேரத்தில் அடைக்க முடியாது. நமக்கு மொய் செய்தவர் விருந்து வைக்கும்போதுதான் திருப்பிச் செய்ய வேண்டும். முன்னாடியே வீடு தேடிப் போய் நீட்டினால், உறவு வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை, வட்டி இல்லை. நான் போர் போட்டதும் மகளை நர்சிங் படிக்க வைத்ததும் மொய்ப்பணத்தில்தான். வெளியே வட்டிக்கு வாங்கியிருந்தால் நிலம் போயிருக்கும்.

கணக்கன்
வட்டி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை அண்ணே. கறி விருந்து, பந்தல், பத்திரிகை என்று ஒன்றரை லட்சம் போய்விடுகிறது. கையில் நிற்பது எட்டரை, திருப்புவது 10.

வடகாட்டான்
5 வருடத்தில் திருப்புகிறோம். வருடத்துக்கு 3 சதவீதம்தானே ஆகிறது? எந்த வங்கி தரும்?

கணக்கன்
5 வருடமும் முழுப் பணம் கையில் இருந்தால் அந்தக் கணக்கு சரி. அடுத்த மாதமே திருப்ப ஆரம்பித்துவிடுகிறோமே! சராசரியாக இரண்டரை வருடம் என்று வைத்தால் 7 சதவீதம் வருகிறது. அப்புறம், 1,000 வாங்கியவர் 2,000 செய்ய வேண்டும், பழசு 1,000, புதுசு 1,000. புதுசு பின்னால் நமக்கு வரும், சரி. அந்த ஆடியில் அதற்குப் பணம் எங்கே? அதற்காக நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கஜாவுக்குப்பின்
எங்கள் அம்மாவும் மொய்விருந்து வைத்தார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். காய்ப்பு இல்லை, பத்திரிகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. தாலிக்கொடியை வைத்துத்தான் அம்மா மொய் செய்தார். ஆள் போனாலும் மொய்க்கடன் போகாது, அதனாலேயே எனக்கு இது பிடிக்காது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் விருந்து வைத்தபோது, அப்பா எப்போதோ செய்ததை வைத்துக்கொண்டு, எங்களுக்கு முகமே தெரியாதவர்கள் தேடி வந்து செய்தார்கள்.

வடகாட்டான்
அதைத்தான் நான் சொல்கிறேன் தாயி. தென்னந்தோப்பு தம்பி, உங்களுக்கு வங்கிக் கடன் ஏற்கெனவே இருக்கிறதா?

தென்னந்தோப்பு
வீட்டுக்கடன் இருக்கிறது. 2021இல் 25 லட்சம், 20 வருடத்துக்கு, 7 சதவீதம். மாதம் 19,400. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 4இலிருந்து 6.5 சதவீதம் ஆக்கியது, என் வட்டி 9.5 ஆனது. அப்போது வட்டி மட்டுமே மாதம் 19,000க்கு மேல் வந்தது. தவணையை ஏற்றிக் கட்டுகிறேன்.

கணக்கன்
அப்படியென்றால் தனிநபர் கடன் வேண்டவே வேண்டாம். இதில் நானும் அண்ணன் பக்கம். ஆனால் புது மொய் போடாதீர்கள், பழசை மட்டும் செய்யுங்கள். 2 வருடத்தில் நோட்டு காலியாகும்.

வடகாட்டான்
புதுசு வைக்காவிட்டால் ‘முடித்துக்கொண்டான்’ என்று அர்த்தம். அப்பா இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

தென்னந்தோப்பு
நேற்று ராத்திரி அப்பாவுடன் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தேன். பாக்கி 64 பெயர். எனக்குத் தெரிந்தது 19. மற்றவர்கள் யார் யார் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், மணி 2 ஆகிவிட்டது. அந்த 19 பேருக்குப் புதுசும் சேர்த்துச் செய்வேன். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.