கையை மெதுவாக்காமல் பந்தை மெதுவாக்கக் கற்ற அனுபவம்

பேஸ்பாலில் சேஞ்சப் என்பது வேகப்பந்து போலவே எறிந்து, மெதுவாக வரச் செய்யும் பந்து. அது எனக்குக் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதில் முதல் ஒரு வருடம் தவறான இடத்தில் உழைத்தேன். புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த ஒரு வருடமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் ஃபாஸ்ட்பால், அதாவது முழு வேகத்தில் எறியும் பந்து, மணிக்கு 80 மைல் பக்கம் வரும். சேஞ்சப் அதைவிட 8 முதல் 10 மைல் குறைந்தால் போதும். பந்தின் வேகம் குறைய வேண்டும் என்று நான் கைவீச்சையே குறைத்தேன். ரேடார் கருவியில் 70, 71 என்று அழகாக வந்தது. ஆட்டத்தில் அடிமேல் அடி. ஒரு பயிற்சி ஆட்டத்தில் எதிரணியின் நான்காம் பேட்டர் இரண்டு முறை அதே பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். முடிந்ததும் அவரிடமே போய்க் கேட்டேன். "பந்து கையை விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது தம்பி. உன் தோள் தளருது, முன்கால் எடுத்துவைக்கற தூரம் குறையுது" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

கை ஃபாஸ்ட்பாலுக்குச் சுழல்வது போலவே சுழல வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலை பிடியுடையது. ஃபாஸ்ட்பாலில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பந்துக்குப் பின்னால் நின்று கடைசித் தள்ளு கொடுக்கின்றன. சர்க்கிள் சேஞ்சப்பில் ஆட்காட்டி விரல் கட்டைவிரலோடு வளையமாகப் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். பந்து மற்ற மூன்று விரல்களின் பொறுப்பு. வலுவான விரல் விலகுவதால் அதே வீச்சில் வேகம் குறைகிறது. பின்சுழற்சியும் குறைவதால் காற்று பந்தைத் தாங்குவதில்லை, கடைசியில் கீழே இறங்குகிறது. கிரிக்கெட் ஸ்லோ பால் பழகியவர்களுக்கு இந்த ஏமாற்று வித்தை புதிதல்ல. இங்கே பந்து தரையில் பட்டு எழாது, அதனால் அந்த இறக்கம்தான் எல்லாம்.

80 மைல் பந்துக்கும் 70 மைல் பந்துக்கும் பேட்டர் நிற்கும் இடத்திலுள்ள பிளேட்டைச் சேரும் நேரத்தில் சுமார் 0.07 நொடிதான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் மட்டை பந்துக்கு முன்னால் போய்விடும். தோள் காட்டிக்கொடுத்தால் அதுவும் போச்சு.

என்னைத் திருத்தியது லாங் டாஸ் என்ற தொலைதூர எறிதல் பயிற்சி. 90 அடி தள்ளி நின்று, ஒவ்வொரு எறிதலும் சேஞ்சப் பிடியிலேயே. சோம்பிய கைக்கு அந்தத் தூரம் பந்து போய்ச் சேராது. அதனால் கை தானாகவே முழு வீச்சுக்குப் பழகியது. இறுக்கிப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டு விறைத்தால் பந்து மேலேயே நின்றுவிடும்.

இன்னொருவர்:

அண்ணா, எனக்குக் கை சிறியது. சர்க்கிள் பிடியில் பந்து பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் போராடிவிட்டு மூன்று விரல் பிடிக்கு மாறினேன்: ஆட்காட்டி, நடு, மோதிர விரல்கள் மேலே, கட்டைவிரலும் சுண்டுவிரலும் கீழே. வேகம் 6 மைல்தான் குறைகிறது. ஆனால் நினைத்த இடத்தில் விழுகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை சர்க்கிளுக்குத் திரும்ப முயல வேண்டுமா?

கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடித்து, எந்தப் பந்து வேண்டும் என்று சைகை காட்டுபவராக) ஆடும் ஒருவர்:

நீங்கள் இருவரும் கையிலிருந்து பார்க்கிறீர்கள், நான் எதிர்முனையிலிருந்து சொல்கிறேன். ஃபாஸ்ட்பாலுக்கே தாமதமாகச் சுற்றும் பேட்டருக்கு நான் சேஞ்சப் கேட்கவே மாட்டேன். அது அவருக்கு நாமே கொடுக்கும் பரிசு. முன்கூட்டியே பாய்பவருக்குத்தான் கேட்பேன், அதுவும் முழங்காலுக்குக் கீழே. வலதுகை பிட்சரின் (பந்தை எறிபவரின்) சேஞ்சப் இடதுகை பேட்டரை விட்டு வெளியே விலகி இறங்குவதால், அங்கே அதன் மதிப்பே வேறு.

வேகம் இல்லையே என்று வருந்துபவர்கள் அமெரிக்க பிட்சர் டிரெவர் ஹாஃப்மனைப் பாருங்கள். தோள் காயத்தில் ஃபாஸ்ட்பாலின் வேகம் போன பிறகு சேஞ்சப்பை நம்பி நின்றவர். மொத்தம் 601 சேவ்கள் (கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்), 2018இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். இன்னொரு பிட்சர் யோஹன் சான்டானா 2002இல் மைனர் லீகில் (முதன்மை லீகுக்குக் கீழுள்ள போட்டிகளில்) இருந்தபோது இந்தப் பந்தில் உழைத்தார். 2004, 2006 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கு.

முதலில் எழுதியவர்:

தம்பி, மூன்று விரல் பிடியையே வைத்துக்கொள். 6 மைல் குறைந்தாலும் கைவீச்சு ஒன்றாக இருந்தால் போதும். பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்து, ஃபாஸ்ட்பாலோடு சேர்த்துவைத்துப் பார். முன்கால் விழும் இடம் இரண்டிலும் ஒன்றுதானா என்று அதில் தெரிந்துவிடும். என் கால் அரை அடி பின்னால் விழுந்துகொண்டிருந்ததை நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.