க்வென் ஸ்டேசி விழுந்த அந்தப் பக்கம்: வாசகர்களின் அனுபவங்கள்

நடைபாதை வாசகன்

ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரின் காதலி க்வென் ஸ்டேசி சாகும் காமிக்ஸ் கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதால் நேராக அந்தப் பக்கத்துக்கே வந்துவிடுகிறேன். 1973 ஜூன் மாதத் தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழின் மறுபதிப்பு ஒன்றைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கினேன். அட்டை கிழிந்து போயிருந்தது. தனக்கு வேண்டியவர்களில் ஒருவர் சாகப்போகிறார், அது யார் என்று நாயகனே பதறுகிற அந்த அட்டை என் கண்ணில் படவேயில்லை. கதையின் தலைப்பையும் கடைசிப் பக்கத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பேருந்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே போனேன்.

கிரீன் காப்ளின் என்ற வில்லன் க்வெனைப் பாலத்தின் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வீசிய வலை அவள் கால்களைப் பற்றிக்கொள்கிறது. அடுத்து அவளை மேலே இழுத்துக்கொண்டே, தன்னைப் போலத் திறமைசாலி உண்டா என்று அவன் தன்னைத்தானே பாராட்டிக்கொள்கிறான். என்னை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மரணமன்று, அந்தப் பெருமைப் பேச்சுதான், ஏனென்றால் நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். அவள் பேசவில்லை என்று அவனுக்குத் தெரிந்த பிறகுதான் நான் முந்தைய கட்டத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். அவள் கழுத்தருகே, பொடி எழுத்தில், எலும்பு முறியும் 'மளுக்' ஓசை அச்சாகியிருந்தது. முதல் முறை என் கண் அதைத் தாண்டிச் சென்றிருக்கிறது. அவன் சிரித்துப் பேசிய அத்தனை சொற்களும் ஒரு சடலத்திடம் பேசப்பட்டவை என்று புரிந்தபோது நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டிருந்தது.

காப்பாற்றப் போனவனே கொன்றுவிட்டானா? இந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது மனம் ஆறும்படியான பதில் கிடைத்ததா?

பாலக்காரர்

நண்பரே, பதில் இருக்கிறது. மனம் ஆறுமா என்பது வேறு. நான் அந்த இதழை விடுதியில் அறைத்தோழனிடம் ஒரே ஓர் இரவுக்கு இரவல் வாங்கிப் படித்தேன். கதையைவிட முதலில் என்னை உறுத்தியது பாலம்தான். வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று எழுதியிருக்கிறார்கள்; ஆனால் ஓவியர் கில் கேன் வரைந்திருப்பதோ கூர்மாட வளைவுகள் கொண்ட கற்கோபுரம், அதாவது புரூக்ளின் பாலம். வாஷிங்டன் பாலத்தின் கோபுரங்கள் எஃகுச் சட்டங்களால் ஆனவை. இது வீண் வாதமன்று. புரூக்ளின் பாலத்தின் கோபுரம் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 84 மீட்டர் உயரம், வாஷிங்டன் பாலத்தின் கோபுரம் 184 மீட்டர். எந்தப் பாலம் என்பதைப் பொறுத்து அவளுடைய வேகம் மாறும்.

சிறிய பாலத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், 84 மீட்டர் விழுவதற்கு நான்கு விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும். அப்போதைய வேகம் மணிக்குச் சுமார் 146 கிலோமீட்டர். வலை அதை அரை விநாடியில் நிறுத்தியிருந்தால், புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு விசை உடலில் இறங்கியிருக்கும். பத்தில் ஒரு விநாடியில் நிறுத்தியிருந்தால் அது நாற்பது மடங்கைத் தாண்டும். அதுவும் பிடித்தது கால்களை. உடல் நின்ற பிறகும் தலை அதே வேகத்தில் போகப் பார்க்கும், இரண்டுக்கும் நடுவில் இருப்பது கழுத்து. ஆசிரியர் குழுவும் 125ஆம் இதழின் கடிதப் பகுதியில் ஏறக்குறைய இதையேதான் ஒப்புக்கொண்டது.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறவர்கள் தரையைத் தொடும் முன்பே இறந்துவிடுவார்கள் என்று காப்ளின் சொல்வதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். வானூர்தியிலிருந்து குதித்துப் பாராசூட்டை விரிப்பவர்கள் அதற்கு முன் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார்கள், விழுந்துகொண்டே சைகையில் பேசிக்கொள்ளவும் செய்கிறார்கள். கொலைகாரனின் வாக்குமூலத்தை மருத்துவச் சான்றிதழாக ஏற்க முடியாது. ஸ்பைடர்மேன் செய்திருக்க வேண்டியது, வலையை வீசிவிட்டு அவளோடு சேர்ந்து தானும் கீழே போய், வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்திருப்பதுதான். அன்று அவனுக்குச் சளிக் காய்ச்சல் என்பதை மட்டும் வேண்டுமானால் தணிவான காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கோவில்பட்டி வாசகி

மேலே எழுதிய ஐயாவின் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு "இப்படிச் செய்திருக்கலாமே" என்று திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது 122ஆம் இதழின் கடைசிப் பக்கம். என் அண்ணன் விபத்தில் போன ஆண்டு அது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்திருந்த உறவினர்கள் எல்லாரும் புறப்பட்ட பிறகு, அவன் அலமாரியில் இருந்த காமிக்ஸ்களை ஒழுங்குபடுத்தும்போது கையில் வந்ததைப் பிரித்தேன். பழிவாங்கும் சண்டை முடிந்துவிட்டது. காப்ளின் தன்னுடைய பறக்கும் கருவியே நெஞ்சில் பாய்ந்து செத்தும் விட்டான். அதனால் பீட்டருக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. அறைக்குத் திரும்புகிறான். அங்கே அவன் தோழி மேரி ஜேன் வந்து நிற்கிறாள். அதுவரை ஆட்டமும் பாட்டுமாக, எதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்ட பெண் அவள். உன்னுடைய தாயே செத்தாலும் நீ வருந்தமாட்டாய் என்கிற பொருளில் அவன் அவளைக் குத்திப் பேசி, வெளியே போகச் சொல்கிறான். அவள் அழுதுகொண்டே போய்க் கதவைத் திறக்கிறாள். பிறகு வசனமே இல்லாத சில கட்டங்கள். அவள் கை கதவின் மேல் இருக்கிறது. போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறாள். தாழ்ப்பாள் விழும் சிறிய ஓசை ஒன்று, அவ்வளவுதான்.

அந்த வாரம் என் அண்ணியிடம் நான் அப்படிப் பேசியிருந்தேன். அவர்களும் போகவில்லை. இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

ஆகவே, ஐயா, 121இல் ஓர் ஒலி, 122இல் ஓர் ஒலி. நீங்கள் முதல் ஒலியிலேயே நின்றுவிட்டீர்கள்.

பழைய இதழ்ப் பிரியன்

இருவருமே பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்பது என் பணிவான கருத்து. என் கதை சிறியது. என்னிடம் முதலில் கிடைத்தது 144ஆம் இதழ். இறந்து இரண்டு ஆண்டுகளான க்வென், அதன் இறுதியில் அதே முகத்தோடு, அதே கூந்தலோடு, பீட்டரின் முன் வந்து நிற்கிறாள். அடுத்த இதழ் என்னிடம் இல்லை. விடை தெரியாமல் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். யாராவது வேடமிட்டு வந்தார்களா, ஆவியா, பீட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நானே பல முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து 121ஐ மட்டும் தனியாக எடுத்துப் படிக்காதீர்கள். 90ஆம் இதழிலிருந்து தொடங்குங்கள்; க்வெனின் தந்தை கேப்டன் ஸ்டேசி, பீட்டரின் இரகசியம் தமக்குத் தெரியும் என்பதைக் காட்டி, மகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு இறப்பது அதில்தான். அந்த வாக்கு தெரியாமல் பாலத்துக்குப் போனால் பாதி பாரம் தெரியாது. பிறகு 122இல் காப்ளின் சாவதை இருட்டில் நின்று ஒருவர் பார்ப்பதைக் கவனியுங்கள். அது யார் என்பதற்கு 136 வரை காத்திருக்க வேண்டும், அங்கே காப்ளினின் மகன் ஹாரி தந்தையின் வேடத்தை அணிந்து வருவான். 143இல் விமான நிலையத்தில் மேரி ஜேன் பீட்டருக்குக் கொடுக்கும் முத்தத்தைத் தாண்டிப் போகாதீர்கள். அவன் மெல்ல மீண்டு வருகிற அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த இதழில் இறந்தவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 149 வரை இடைவிடாமல் படியுங்கள். முடிச்சு அங்கே அவிழ்கிறது: பேராசிரியர் மைல்ஸ் வாரன், தம் மாணவியான க்வென் மீது சொல்ல முடியாத மோகம் கொண்டவர், அவளுடைய உயிரணுக்களிலிருந்து ஒரு நகலை வளர்த்திருக்கிறார். ஜாக்கல் என்ற வில்லனின் முகமூடிக்குள் இருந்தவரும் அவரே.

மூலக் கடிதப் பகுதிகள் இருக்கும் பிரதி கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். தொகுப்புகள் பலவற்றில் அவை இருப்பதில்லை. பழைய பிரதிகளை வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள், ரப்பர் பேண்டு போடவே போடாதீர்கள். சகோதரி, உங்கள் அண்ணனின் இதழ்களையும் உடனே நல்ல உறைகளில் போட்டு, பின்னால் ஒரு கெட்டி அட்டை வைத்து, நிறுத்தி வையுங்கள். படுக்கை வசமாக அடுக்கினால் முதுகு மடிந்துவிடும்.

கோவில்பட்டி வாசகி

அவை அவன் அடுக்கியபடியே இருக்கின்றன. முதுகு மடிந்தால் மடியட்டும்.

நடைபாதை வாசகன்

பிரியன் அண்ணன் சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. முன்கதை தெரியாமல், அட்டை இல்லாமல் படித்ததனால்தான் அந்தக் கட்டம் என்னை அப்படி அடித்தது. 149இல் வரும் நகலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு க்வெனின் நினைவுகள் இருக்கின்றன, ஆனால் இறந்த நினைவு மட்டும் இல்லை. பீட்டர் அன்று கோபுரத்தின் மேல் பேசிய பெருமையை அவள் கேட்டதேயில்லை. அவளிடம் அவன் மன்னிப்புக் கேட்டாலும் அது உரியவளைப் போய்ச் சேராது. கடைசியில் அவள் தன் வழியைத் தேடிக்கொண்டு ஊரை விட்டுப் போவது எனக்குச் சரியாகவே பட்டது.

பாலக்காரர்

வாசகி அம்மாவுக்கு. என் கணக்கில் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் 122ஆம் இதழைப் படித்ததேயில்லை. மறுநாள் காலை நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அறைத்தோழன் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் 121தான், அதையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மேரி ஜேன் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நிற்கிறாள் என்பது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவள் முகம் தெரிகிறதா, அல்லது கதவு மட்டும்தானா?