என் வரிப்பணத்தில் பிறருக்கு வைத்தியம்: இது நியாயமா?

பட்டறைக்காரர், கோவை:
கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். வருமான வரி, ஜிஎஸ்டி, அதற்குமேல் ஆட்களின் சம்பளத்துக்கு 3.25 சதவீதம் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கு, எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறேன். என் குடும்பத்துக்குத் தனியாகக் காப்பீடு வேறு. அரசு மருத்துவமனை வாசலை நாங்கள் மிதித்ததில்லை. கஷ்டப்படுபவருக்கு நானாகக் கொடுப்பது தர்மம். நான் உழைத்துச் சேர்த்ததைக் கட்டாயமாக எடுத்து இன்னொருவர் வைத்தியத்துக்குச் செலவிடுவது எப்படி அறமாகும்?

சட்ட மாணவி, மதுரை:
ஐயா, சொத்துரிமை 1978-இல் அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டு, சாதாரண சட்ட உரிமையாக 300ஏ பிரிவுக்குப் போனது. உயிர்வாழும் உரிமை இன்றும் அடிப்படை உரிமையாக 21-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய வழக்கில், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பட்டறைக்காரர், கோவை:
சட்டம் இருக்கட்டும் அம்மா. சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடுமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தஞ்சாவூர்:
ஆகாது தம்பி. ஆனால் நான் மருந்து கொடுத்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் வரி கட்டியவர்கள்தான். செருப்புக்கும் சோப்புக்கும் அவர்கள் கொடுத்த விலையில் ஜிஎஸ்டி இருக்கிறது.

நீங்கள் மனமுவந்து கொடுப்பவர் என்றே நம்புகிறேன். ஆனால் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மாத்திரை வேண்டும். மூன்றாம் மாதம் கொடையாளிக்குத் தொழில் படுத்துவிட்டால் என்ன செய்வது? பாதியில் நின்ற சிகிச்சையில்தான் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது. அது பட்டறை முதலாளி, கூலியாள் என்று பார்க்காது.

இன்னொன்று. தர்மமாக வாங்குபவர் வாய் திறக்க மாட்டார். எங்கள் ஜன்னலில் ஒரு பாட்டி, "போன மாதம் முப்பது மாத்திரை, இந்த மாதம் ஏன் பதினைந்து?" என்று என்னை உலுக்கி எடுத்தார். இருப்பு குறைவு என்று பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தக் குரல் அவருக்கு உரிமையால் வந்தது. அதைத் தர்மத்தால் கொடுக்க முடியாது.

பட்டறைக்காரர், கோவை:
காசநோய் விஷயத்தை ஏற்கிறேன் ஐயா. ஆனால் வசதியுள்ளவரும் இலவசமாக வாங்கிப்போவதற்கு என் பணம் எதற்கு?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தஞ்சாவூர்:
வசதியுள்ளவரும் வரட்டும். நீங்களும் குடும்பத்தோடு வாருங்கள். ஏழை பத்து முறை சொல்லியும் சரியாகாத கழிப்பறைக் குழாய், உங்களைப் போன்றவர் ஒருமுறை மனு எழுதினால் சரியாகிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.