நீர்க்கல்லில் தீட்டிய பேனாக்கத்தி உடனே மழுங்குவது ஏன்?

கேள்வி:
விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. மடக்குக் கத்தியை, ஒருபுறம் 1000, மறுபுறம் 6000 எண் கொண்ட (எண் கூடினால் துகள் நுண்மையாகும்) ஜப்பானிய நீர்க்கல்லில், பத்து நிமிடம் ஊறவைத்த பிறகு தீட்டிவருகிறேன். தீட்டி முடித்ததும் செய்தித்தாளைச் சரசரவென்று வெட்டுகிறது. ஆனால் இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒரு கயிற்றை அறுப்பதற்குள் கூர் போய்விடுகிறது. எஃகு மென்மையானது என்பதாலா, என் கைப்பழக்கத்தில் குறையா? நுனியை ஒட்டிய வளைவு மட்டும் எப்போதுமே கூராவதில்லை.

பதில் 1:
எஃகின் மீது பழி போட வேண்டாம். அந்த அலகு, உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் சுமார் 56 வரை கடினமாக்கப்பட்டது. இரண்டு பெட்டிகளுக்கு அது மழுங்காது. நீங்கள் சொல்லும் அறிகுறி, அகற்றப்படாத பிசிறையே காட்டுகிறது. ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது விளிம்பிலுள்ள உலோகம் மெல்லிய இழையாக மறுபக்கம் புரண்டு நிற்கும். அந்த இழை தாளை அருமையாக வெட்டும். அட்டையின் அழுத்தம் பட்டதும் மடங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகில் அது எளிதில் உதிராமல், நீங்கள் பக்கம் மாற்றும்போதெல்லாம் தானும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே 1000 எண் கல்லிலேயே வேலையை முடியுங்கள். அடி முதல் நுனி வரை பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தைத் தேய்த்து, பிறகு மறுபக்கத்தையும் அவ்வாறே செய்யுங்கள். விரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துத்தான் பிசிறைத் தடவிப் பார்க்க வேண்டும், விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் கூடாது. அதன்பின் கத்தியின் எடை மட்டுமே கல்லில் படுமாறு, விளிம்பு முன்னே செல்லும்படி, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றித் தீட்டுங்கள். விளக்கொளியில் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்தால், எங்கே வெள்ளையாக மினுங்குகிறதோ அங்கே பிசிறோ மழுங்கலோ மிச்சமிருக்கிறது என்று பொருள்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. வளைவைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். நுனியை நெருங்கும்போது விளிம்பு கல்லிலிருந்து விலகி மேலேறுவதால், கைப்பிடியைச் சற்றே உயர்த்தாவிட்டால் விளிம்புக்குப் பின்னாலுள்ள பகுதிதான் தேயும். விளிம்பின் சரிவில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே கல் தொடவில்லை. கோணத்துக்கு ஒரு கணக்கு: அலகின் அகலம் 15 மி.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. உயர்ந்திருந்தால் 20 பாகை, 4 மி.மீ. என்றால் 15 பாகை.

கல்லையும் கவனியுங்கள். நீர்க்கல் விரைவில் நடுவில் குழிந்துவிடும். குழிந்த கல்லில் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் கோணம் நிலைக்காது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் விரித்த 220 எண் உப்புத்தாளில், தண்ணீர் விட்டு, கோடுகள் முழுவதும் அழியும்வரை தேயுங்கள். உங்கள் கத்தியில் பூட்டு கிடையாது என்பதால், முதுகின் பக்கமிருந்து அழுத்தினால் அலகு விரல்மேல் மடியக்கூடும். தீட்டியபின் கீலில் புகுந்த கல்துகளை வெந்நீரில் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பதில் 3:
எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு: அட்டைக்கும் கயிற்றுக்கும் 6000 தேவையே இல்லை. 1000 எண் கல் விட்டுச்செல்லும் நுண்பற்கள்தான் நாரைக் கவ்வி அறுக்கின்றன. அவற்றை மெருகேற்றி அழித்துவிட்டால் கத்தி கயிற்றின் மேல் வழுக்கும். மெருகு மரச்செதுக்கலுக்கு நல்லது. கை பழக விரும்பினால், ஜப்பானின் மிகி நகரில் செய்யப்படும் ஹிகோனோகாமி மடக்குக் கத்தி கிடைக்கிறதா என்று பாருங்கள். அதன் அகலமான சரிவைக் கல்லில் அப்படியே படியவைத்துத் தீட்டலாம் என்பதால் கோணத்தைத் தேட வேண்டியதில்லை. கார்பன் எஃகால் ஆன ஓப்பினல் கத்தியும் பழகுவதற்கு ஏற்றது. அதில் பிசிறு சீக்கிரம் உதிரும், ஆனால் ஈரத்துடன் வைத்தால் துருவேறும்.