புதுப்பிப்பு: அரசு வண்டி இடித்த விவகாரம், பாதி முடிந்தது

சிக்னலில் நின்றிருந்த என் காரை ஒரு அரசுத் துறையின் வேன் பின்னால் வந்து இடித்ததையும், யாரிடம் இழப்பீடு கேட்பது என்று புரியாமல் முழித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். "அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்தைப் பிடியுங்கள்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். சிக்கலே அங்கேதான். அதற்கு வெளிக் காப்பீடே கிடையாதாம்; நஷ்டத்தைத் துறையே நேரடியாக ஏற்கும் ஏற்பாடு.

சரி என்று கடிதம் அனுப்பினால், அது தவறான அலுவலகம். வண்டி ஒரு துறையின் பெயரில், ஓட்டியவர் இன்னொரு துறையின் ஊழியர்! இதிலேயே ஒரு மாதம் போனது. வழக்கறிஞர் பதறிவிட்டார். அரசின் மீது வழக்குப் போடுமுன் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டியிருக்கலாம், அதற்கான கெடு சாதாரண வழக்குகளைவிடக் குறைவாகவும் இருக்கலாம் என்றார். தேதி, இடம், சேதம், கேட்கும் தொகை எல்லாம் எழுதி இரண்டு துறைகளுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அப்புறம், இடித்த நேரத்தில் ஓட்டுநர் அரசு வேலையாகத்தான் போனாரா, சொந்த வேலையாகப் போனாரா என்ற இழுபறி. வண்டியின் பயணப் பதிவேட்டைக் கேட்டதும் அது அடங்கியது.

பழுதுச் செலவைத் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நீட்டிய தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி. அந்த இடியில் வந்த கழுத்து வலிக்குச் சிகிச்சை நடக்கும்போது அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மறுத்தேன். காருக்கு மட்டும் என்று மாற்றித் தந்தார்கள். பணம் போன வாரம் வந்தது.

கழுத்துக்கான கோரிக்கை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. மருத்துவரின் இறுதி அறிக்கை வந்ததும் எழுதுகிறேன்.