கோன் போட்டிக்கு வீட்டு வண்டி: சஸ்பென்ஷன் செட்டப் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஏரியா பேர்)

அம்பத்தூர்

ஆட்டோகிராஸ் என்றால் நம்ம நாட்டில் மண் தரையில் ஓட்டுவதையும் சொல்வார்கள். இங்கே பேசுவது தார்த் தரையில் கோன் நிறுத்தி, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கும் வகை. ஒரு ரன் 40 முதல் 60 விநாடி. வண்டி இரண்டாவது கியரிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. அதற்கு முன் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த ஊர் நம்ம சென்னை. அதனால் செட்டப் என்றதும் பலர் டிராக் செட்டப்பைத்தான் நினைக்கிறார்கள். 3.7 கிலோமீட்டர் சுற்றில் டயர் இரண்டு மூன்று சுற்று ஓடிச் சூடேறிவிடும், வளைவுகளும் நீளம். கோன் போட்டியில் டயர் சூடேறுவதற்குள் ரன் முடிந்துபோகும். எடை இடமும் வலமும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். டிராக்குக்குச் சரியாக இருக்கும் கல்லு மாதிரியான ஸ்பிரிங் இங்கே வண்டியைத் தத்த வைக்கும்.

எதையும் வாங்கும் முன் தேய்ந்ததைப் பாருங்கள். நம்ம ரோட்டுப் பள்ளங்களில் முதலில் போவது லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடிச்சட்டமான சப்ஃபிரேமோடு இணைக்கும் கை) பின்பக்கப் புஷ், அதாவது ரப்பர் மூட்டு. முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே டயர் லீவரை விட்டு நெம்பிப் பாருங்கள். ரப்பர் நடு இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்து வாய் திறந்தால் அது செத்த புஷ். அந்த நிலையில் பிரேக் அடித்தால் சக்கரம் பின்னால் இழுபட்டு டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) தானாக மாறும். அலைன்மென்ட் மெஷினில் எவ்வளவு அழகாக எண் வந்தாலும் கோன் முன்னால் பிரேக் பிடிக்கும்போது அந்த எண் இருக்காது.

சக்கரத்தை 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) ஆட்டம் தெரியும். 12, 6 மணி இடத்தில் ஆட்டினால் ஆர்மின் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட்டும் பேரிங்கும் தெரியும். ஒருவரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லி ஸ்பிரிங் மேல் கை வையுங்கள். ஸ்பிரிங் பிடித்துப் பிடித்து டங்கென்று விட்டால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மவுன்ட் பேரிங் போயிருக்கிறது.

புஷ் மாற்றும்போது பட்டறைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் அந்த அளவுக்கு முறுக்கிக்கொண்டே நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும், வண்டி உயரமும் ஏமாற்றும். போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டுவிட்டு, பால் ஜாயின்ட் பக்கம் ஜாக்கி வைத்து, பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும் உயரம்வரை ஆர்மைத் தூக்குங்கள். அதற்குப் பிறகு மேனுவலில் சொன்ன டார்க்குக்கு முறுக்குங்கள்.

வேளச்சேரி

அம்பத்தூர் அண்ணே சொன்னது அத்தனையும் சரி. அதற்கு அடுத்தது காற்று. காசே செலவில்லாத, ஆனால் நேரத்தில் அதிகம் தெரியும் அட்ஜஸ்ட்மென்ட் இதுதான்.

185/65 ஆர் 15 மாதிரி உயரமான பக்கச் சுவர் உள்ள டயர், கம்பெனி ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 30 சொச்சம் பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து கோனைச் சுற்றினால் அப்படியே மடங்கும். முன்னும் பின்னும் 36ல் தொடங்குங்கள். டயர் தோள்பட்டையில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் ட்ரெட்டிலிருந்து பக்கச் சுவர்வரை சாக்பீஸால் கோடு போடுங்கள், ஒவ்வொரு டயரிலும் மூன்று இடம். ரன் முடிந்ததும் குனிந்து பாருங்கள். முக்கோணத்தைத் தாண்டிச் சாக் அழிந்திருந்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றிருந்தால் 1 இறக்குங்கள். பக்கச் சுவரில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

டயரின் சூடு 5 அல்லது 6 டிகிரி ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். காலை 7 மணிக்கு வைத்த 36, மே மாதப் பதினோரு மணி வெயிலில் வண்டி நின்றாலே ஏறிவிடும், ஓடினால் இன்னும் ஏறும். அதனால் காலையில் ஒரு தடவை வைத்துவிட்டு மறப்பது பிரயோஜனமில்லை. ஒவ்வொரு ரன்னுக்குப் பிறகும் பார்க்கணும். வெயில் பக்கம் நிற்கும் இரண்டு டயரும் நிழல் பக்கத்தை விட 1, 2 கூடுதல் காட்டும். அதை நம்பி இறக்கிவிடாதீர்கள், ரன் முடிந்து வந்த சூட்டில் பார்த்து இறக்குங்கள். கேஜ் சொந்தமாக ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறும்.

தாம்பரம்

ஒரு சந்தேகம் அண்ணா. ஸ்விஃப்ட்காரங்க எல்லாரும் கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயற கோணம்) எடுக்கிறாங்க. போலோவுக்கும் அதே போல்ட் கிடைக்குமா? ஒரு கடையில் இருக்குன்னு சொல்றாங்க.

பெரம்பூர்

தம்பி, வாங்காதீங்க. ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டின் அடிப்பக்கம் நக்கிளோடு (சக்கர ஹப்பைத் தாங்கும் இரும்பு) இரண்டு போல்ட்டில் சேரும். மேல் போல்ட்டுக்குப் பதில் எக்சென்ட்ரிக் போல்ட் (நீங்க கேட்ட கேம்பர் போல்ட் இதுதான்) போட்டால் நக்கிள் சாயும், கேம்பர் வரும். போலோவில் ஸ்ட்ரட் குழாய் நக்கிளுக்குள் இறங்கி ஒரு கிளாம்ப் போல்ட்டில் பிடிக்கிறது. சாய்க்க இடமே கிடையாது. போலோவுக்கு, ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தும் கேம்பர் பிளேட்தான் வழி.

ஸ்விஃப்ட்டில் போடுபவர்களுக்கும் இரண்டு விஷயம். எக்சென்ட்ரிக் போல்ட்டின் நடுத்தண்டு கம்பெனி போல்ட்டை விட மெல்லியது. ஒரு நல்ல பள்ளத்தில் இறங்கினால் வழுக்கும். முறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட்வரை பெயின்ட் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் கேம்பர் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்று, மேல்பக்கம் உள்ளே சாயும்போது டயர் ஸ்ட்ரட்டை நெருங்கும். 5 மில்லிமீட்டர் இடைவெளியாவது நிற்கணும்.

இனி அலைன்மென்ட். வரிசை மாறக் கூடாது: காற்று, உயரம், கேம்பர், கடைசியாக டோ. கேம்பரைத் தொட்டால் டோ கண்டிப்பாக நகரும். டோவைத் தொட்டால் கேம்பர் பெரிதாக நகராது. காரணம் அவ்வளவுதான்.

டிரைவர் எடையோடு அளக்கணும். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்றை டிரைவர் சீட்டில் வைத்து பெல்ட் போடுங்கள், பாதிக் கேன் ஒன்றைப் பெடல் பக்கம் வையுங்கள். 70 கிலோ ஆள் உட்கார்ந்த கணக்கு. சக்கரம் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு தரை டைல்ஸ், பளபளப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்க, நடுவே கிரீஸ். வண்டியை இறக்கி பம்பரை இரண்டு தடவை அமுக்கி விட்டால் சக்கரங்கள் இழுவிசை இல்லாமல் தானாக நிற்கும். இதைச் செய்யாமல் ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு தப்பான எண்ணைக் காட்டும்.

வண்டியின் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஹப் நடுவின் உயரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டுங்கள். முன் சக்கர அகலமும் பின் சக்கர அகலமும் ஒன்றாக இருக்காது. அதனால் நரம்பை டயரோடு ஒட்டிக் கட்டக் கூடாது. முன் ஹப் நடுவிலிருந்து இடப்பக்க நரம்புக்கும் வலப்பக்க நரம்புக்கும் ஒரே தூரம் வரணும், பின் ஹப்பிலும் அப்படியே. இரண்டு நரம்புக்கும் இடையே உள்ள அகலம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்கணும். ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவிட்டு, ஸ்டீல் ஸ்கேலால் நரம்பிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அளவெடுங்கள். முன் விளிம்பு நரம்புக்கு 1 மில்லிமீட்டர் கிட்டே இருந்தால் அந்தச் சக்கரம் 1 மில்லிமீட்டர் டோ அவுட். 15 இஞ்சு ரிம்மில் அது 0.14 டிகிரி.

முன்சக்கர டிரைவ் வண்டிக்கு போட்டி நாளில் மொத்தம் 2 மில்லிமீட்டர் டோ அவுட் வைத்தால் ஸ்டீயரிங் திருப்பிய கணமே மூக்கு உள்ளே வரும். அந்த டோ அவுட்டோடு தினம் ஓஎம்ஆர் ரோட்டில் ஆபீஸ் போனால் டயரின் உள்விளிம்பு ரம்பம் மாதிரி தேயும். நிறையப் பேர் இதற்குக் கேம்பரைக் குறை சொல்கிறார்கள். ஒன்றரை டிகிரி கேம்பர் அந்த அளவு தின்னாது, டோதான் தின்னும். டை ராடில் பூஜ்ஜியம் டோவுக்கு ஒரு நிறம், போட்டி டோவுக்கு ஒரு நிறம் என்று பெயின்ட் அடையாளம் போட்டுவிட்டால், லாக் நட்டைத் தளர்த்தி இரு பக்கமும் ஒரே அளவு திருப்பி, போன இடத்திலேயே மாற்றி, திரும்பும்போது பழையபடி வைத்துவிடலாம்.

அடையார்

பெரம்பூர் சார் எழுதியதைப் பத்திரமாகக் காப்பி எடுத்து வையுங்கள். அலைன்மென்ட் இவ்வளவு தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு.

ஸ்பிரிங் பற்றி ஒரு கணக்கு. டிரைவரோடு 970 கிலோ வண்டி, முன்னால் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முன் சக்கரத்துக்கு 291 கிலோ. சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் 35 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 256. ஸ்பிரிங் 20 நியூட்டன்/மில்லிமீட்டர் என்றால், மேக்பெர்சன் ஸ்ட்ரட்டின் 0.95 விகிதத்தின் (சக்கரம் 1 ஏறினால் ஸ்பிரிங் 0.95 அமுங்கும்) வர்க்கத்தால் பெருக்கி, சக்கரத்தில் கிடைப்பது 18. அதன் அதிர்வு 1.34 ஹெர்ட்ஸ். அதையே 30 ஆக்கினால் 1.64 ஹெர்ட்ஸ். ஸ்பிரிங் 50 சதவீதம் கடினமாகியும் அதிர்வு 22 சதவீதம்தான் ஏறியது. தினமும் ஓட்டும் வண்டிக்கு 1.6 முதல் 1.8க்குள் நிறுத்துவது நல்லது. 2ஐத் தாண்டினால் தெருவுக்கு நாலு ஸ்பீடு பிரேக்கர் உள்ள ஊரில் வண்டியும் முதுகும் தாங்காது. கம்பெனி ஷாக்காலும் அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி: ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் ஆறில் ஐந்து மிஞ்சும், கடினம் 20 சதவீதம் கூடும். கணக்கு சரி, காரியம் ஆபத்து. கேஸ் கட்டரில் வெட்டினால் சூட்டில் அந்த முனையின் பதம் போய்விடும். சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும், இறங்கும்போது கோணலாக உட்காரும்.

உயரத்தை 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். லோயர் ஆர்மை முன்னாலிருந்து பாருங்கள். பால் ஜாயின்ட் முனை உள்முனையை விடத் தாழ்ந்து நிற்கணும். அது மேலே ஏறிவிட்டால் வண்டி சாயும்போது கேம்பர் கூடுவதற்குப் பதில் குறையும். ரோல் சென்டர் (வண்டி சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) பாடியை விட வேகமாகக் கீழே போவதால், இறக்கிய வண்டி முன்பை விட அதிகம் சாயப் பார்க்கும். பார்க்க அழகாக இருந்தும் நேரம் கூடிப்போகும் வண்டிகளில் பாதி இந்த ரகம்.

ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமில்லாமல் கட்டி, சீலோடு ஒட்டக் கீழே தள்ளிவிடுங்கள். ரன் முடிந்து தூசி உறையைத் தூக்கிப் பார்த்தால் ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று டை சொல்லும். பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) போய் இடித்திருந்தால், வளைவு நடுவில் முன்பக்கம் திடீரென நேராகப் போவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. பலர் அதை டயரின் குறை என்று நினைத்து டயர் மாற்றுகிறார்கள்.

வேளச்சேரி

முன்சக்கர டிரைவ் வண்டியைத் திருப்புவதற்குப் பின்பக்கத்தைக் கடினமாக்கணும். ஸ்டேபிலைசர் பாரின் (இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கடினம் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் பாரை 22 ஆக்கினால் 46 சதவீதம் கூடுதல், கொஞ்சமில்லை. பின்னால் கடினம் கூடினால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தூக்கும், அது பரவாயில்லை. உள்பக்க முன்சக்கரம் தரையை விடாமல் இருப்பதுதான் வேண்டும். ஓபன் டிஃப் (லாக் இல்லாத சாதா டிஃபரன்ஷியல்) வண்டியில் அந்தச் சக்கரம் தூக்கினால் மொத்த இழுவையும் அதில் சுழன்று வீணாகும். முன்பக்க பாரைத் தடியாக்கியவர்களுக்கு வளைவிலிருந்து வெளியே வரும்போது டயர் கீச்சிட்டு வண்டி நகராதது இதனால்தான்.

பார் வாங்கும் முன் பின் டயரில் 3, 4 பிஎஸ்ஐ ஏற்றிப் பாருங்கள். திசை சரியா என்று அதிலேயே தெரியும்.

ஷாக் அட்ஜஸ்ட் பண்ணக்கூடியதாக இருந்தால் கிளிக்கை எப்போதும் முழு ஹார்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நடுவில் தொடங்கி, ஒரு தடவைக்கு 2 கிளிக், முன் அல்லது பின், இரண்டும் சேர்த்து வேண்டாம். ஸ்லாலமில் (வரிசைக் கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் இடம்) மூன்றாவது கோனுக்குள் வண்டி உங்கள் கைக்குப் பின்தங்கினால் ரீபவுண்ட் (ஷாக் விரியும்போது தரும் தடை) குறைவு. மேடு பள்ளத்தில் வண்டி மெல்ல மெல்லக் கீழே அமுங்கிக்கொண்டே போனால் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. கோனுக்கு நடுவே இனிமையாகத் திரும்பும் அதே செட்டப், ஐப்பசி மழையில் வீடு திரும்பும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். கிளம்பும் முன் பின் டயர் காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்குங்கள். பின் ஸ்டேபிலைசர் பாரில் இரண்டு ஓட்டை இருந்தால் லிங்க்கை கடினம் குறைவான ஓட்டைக்கு மாற்றுங்கள்.

திருவான்மியூர்

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். காயில் ஓவரின் (ரிங்கைத் திருகி உயரம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட்) திருகு மரையில் உப்புக் காற்று பட்டு ஒரே மழைக்காலத்தில் ரிங் இறுகிவிடும். அதற்குப் பிறகு ஸ்பானரால் தட்டினால் அலுமினிய ரிங்கின் பல் உடையும். மாதம் ஒரு தடவை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் கழுவி, உலர்ந்த பிறகு மெழுகு வகை ஸ்ப்ரே. கிரீஸ் பூசாதீர்கள், மண்ணைப் பிடித்து அரைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பெரிய மாற்றத்துக்கு முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாம்பரம்

நன்றி அண்ணா, நன்றி சார். போல்ட் வாங்கலை. முதல்ல லோயர் ஆர்ம் புஷ் பார்த்துட்டு, காற்றும் சாக்பீஸும் மட்டும் வெச்சு ஓட்டறேன். கேம்பர் பிளேட் அதுக்கு அப்புறம். தண்ணீர்க் கேன் நாலு இப்பவே எடுத்து வெச்சாச்சு.

பெரம்பூர்

தம்பி, கேன் மூடியை டேப் போட்டு ஒட்டிட்டு சீட்டில் வையுங்க. பம்பரை அமுக்கும்போது கசிஞ்சா சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒயரிங் கனெக்டர் நனைஞ்சு ஏர்பேக் லைட் எரியும்.